காதை விற்று வாங்கிய உயிர்

"உங்களுக்கும் காதுக்குள்ள ரீங்காரம் கேக்குதா?"

டி.பி. வைத்தியத்தின் சரித்திரத்தில் முக்கியமான கேள்வி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இது டாக்டர் கேட்ட கேள்வி இல்லை. ஊசிக்காக வரிசையில் நிற்கும் நோயாளி, பக்கத்தில் நிற்கும் நோயாளியிடம் கேட்கிற கேள்வி. ஐம்பது அறுபது வருடம் இதைப் பல ஊர்களில் பல பாஷைகளில் கேட்டிருப்பார்கள். அது ஆஸ்பத்திரி வராண்டாவைத் தாண்டி வெளியே வருவதற்கு 2018 ஆகிவிட்டது. அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது பி.காம்., டாக்டர் இல்லை. அதனால் மருத்துவ ஆலோசனை எதுவும் இங்கே கிடைக்காது, வெறும் சரித்திரம்தான்.

நீண்ட நாள் நோயாளிகள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் வைத்தியத்தைப் பற்றிப் பேசிக்கொள்வது புதிய பழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது காசநோயிலிருந்தே ஆரம்பித்தது என்று சொல்லலாம். 1905-ல் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் பிராட் என்ற டாக்டர் ஏழை காசநோயாளிகளுக்கு ஒரு 'வகுப்பு' தொடங்கினார். சானடோரியத்துக்குப் போக வசதியில்லாதவர்கள் அவர்கள். அப்போது மருந்து எதுவும் கிடையாது. ஓய்வு, நல்ல காற்று, சாப்பாடு, அவ்வளவுதான். ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு தினமும் காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டோம், எத்தனை மணி நேரம் படுத்திருந்தோம் என்று எழுத வேண்டும். வாரம் ஒரு நாள் எல்லோரும் கூடுவார்கள். எடை பார்ப்பார்கள். யாருக்கு எடை ஏறியிருக்கிறதோ அவரைப் பார்த்து மற்றவர்களுக்குத் தெம்பு வரும். நோட்டுப் புத்தகம் எழுதவைக்கத்தான் பிராட் இதை ஆரம்பித்தார். போகப் போகத்தான், இவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவதே ஒரு வைத்தியமாக வேலை செய்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. குழுவாக உட்காரவைத்துச் செய்யும் மனநல சிகிச்சைக்கு அவரை ஒரு முன்னோடி என்கிறார்கள்.

நம் பக்கத்திலும் சானடோரியங்கள் வந்தன. தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் தொடங்கியது சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சானடோரியம் என்பது ஒரு வகையில் சிறைதான். மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் படுக்கை. ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அதே நோய், அதே மருந்து. பேசுவதற்கு வேறு விஷயம் ஏது?

1943-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஷாட்ஸும் செல்மன் வாக்ஸ்மனும் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார்கள் (யாருக்கு எவ்வளவு பெருமை என்று இருவரும் கோர்ட் வரை போனது தனிக்கதை). காசநோயைக் கொல்லும் முதல் மருந்து. இங்கே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பீகாரில் மோதிஹாரியில் 1903-ல் பிறந்த எரிக் பிளேர், அதாவது ஜார்ஜ் ஆர்வெல். 1948-ல் ஸ்காட்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தபோது நண்பர்கள் மூலம் அமெரிக்காவிலிருந்து அவருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் வரவழைத்தார்கள். பிரிட்டனில் அப்போது அது சாதாரண நோயாளிக்குக் கிடைக்காத சரக்கு. சில வாரங்களில் அவருக்குத் தோல் உரிந்தது, வாயெல்லாம் புண், நகம் கெட்டது, முடி கொட்டியது. மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. மிச்சமிருந்த மருந்தை அதே ஆஸ்பத்திரியில் இருந்த வேறு இரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் பிழைத்துக்கொண்டதாக, அங்கே இளம் டாக்டராக இருந்தவர் பின்னாளில் சொன்னார். ஆர்வெல் 1950 ஜனவரியில் இறந்துபோனார். அடுத்த தடவை அந்த மருந்து எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று, தனக்கு வந்த பக்கவிளைவுகளை ஒவ்வொன்றாக 1949-ல் நோட்டில் எழுதி வைத்திருந்தார். கணக்குப் பிள்ளை பேரேடு எழுதுகிற மாதிரி. புலம்பல் ஒரு வரிகூட இல்லாத எழுத்து. ஒரு மருந்துக்கு உடம்பு என்ன பதில் சொன்னது என்பதை நோயாளி பக்கத்திலிருந்து இவ்வளவு சுத்தமாக எழுதியவர்கள் குறைவு.

ஸ்ட்ரெப்டோமைசினின் முக்கியமான தொல்லை தோலில் இல்லை, காதில். 1948-ல் பிரிட்டனில் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்விலேயே பெரும்பாலான நோயாளிகளுக்குத் தலைசுற்றல் இருந்தது பதிவாகியிருக்கிறது. அந்த மருந்துக் குடும்பம் உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்களைக் கொல்லும். போன செல் திரும்ப முளைக்காது. முதலில் மிக உயர்ந்த ஸ்தாயி ஒலிகள் போகும், அது யாருக்கும் தெரியாது. அப்புறம் ரீங்காரம். பேச்சு கேட்காமல் போகிற கட்டத்தில்தான் பலருக்கு உறைக்கும், அதற்குள் காலம் கடந்துவிடும். 1957-ல் ஜப்பானில் ஹமாவோ உமேசாவா அதே குடும்பத்தில் கண்டுபிடித்த கானமைசின் காதைப் பொறுத்தவரை இன்னும் பொல்லாதது. (பெயரில் 'கான' இருப்பதைப் பார்த்து எனக்கு ஒரு கசப்பான சிரிப்பு வந்தது.)

இந்த இடத்தில் சென்னையின் பங்கைச் சொல்லாமல் போனால் பாவம். 1956-ல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்கும் சேர்ந்து ஒரு பரிசோதனையை ஆரம்பித்தன. முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியத்தில் ஓய்வு, பால், முட்டை. மறு பாதி நெரிசலான வீட்டிலேயே இருந்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, அதே மாத்திரையை விழுங்க வேண்டும். 1959-ல் வந்த முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. இரண்டு பாதிக்கும் கிட்டத்தட்ட ஒரே பலன்! மருந்துதான் வேலை செய்கிறது, கட்டில் இல்லை. அதற்குப் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஏழை நாட்டில் லட்சக்கணக்கானவர்களுக்கு வைத்தியம் செய்ய முடிந்ததே இதனால்தான்.

இதில் நாம் ஒன்றை இழந்தோம் என்பது என் சொந்த அபிப்பிராயம். வீட்டுக்கு வந்த நோயாளி தனியாளானான். சானடோரியத்தில் மறைக்க ஒன்றுமில்லை. வீட்டில் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும் - பக்கத்து வீட்டாரிடம், சம்பந்தி வீட்டாரிடம், ஆபீசில். நான் முன்பு வேலை பார்த்த கிளையில் ஒரு கிளார்க் ஆறு மாதத்தில் நாலு தடவை மெடிக்கல் லீவ் போட்டார், நாலு சர்ட்டிஃபிகேட்டிலும் 'வைரல் காய்ச்சல்'. வேலையை விட்டு வெகு நாள் கழித்துத்தான் டி.பி. என்று சொன்னார். கேண்டீனில் டம்ளரைத் தனியாக வைத்துவிடுவார்கள் என்ற பயம். அவரைப் போன்றவர் காதில் ரீங்காரம் வந்தால் யாரிடம் கேட்பார்? வேறு எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சாதாரண டி.பி. ஆறு மாத மாத்திரையில் தீர்ந்துவிடும். மருந்துக்கு அடங்காத டி.பி.தான் நரகம். இந்தியாவில் அதற்கான அரசுத் திட்டம் 2007-ல் குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் தொடங்கியது. இரண்டு வருஷத்துக்குக் குறையாத வைத்தியம். முதல் ஆறு முதல் ஒன்பது மாதம் கானமைசின் ஊசி. உட்கார இடமில்லாமல் இடுப்பில் கட்டி கட்டியாக வீங்கிவிடும். கூடவே சைக்ளோசெரின். அது சிலருக்கு மனதைக் கெடுக்கும், தற்கொலை எண்ணம்கூட வரும். மாதாமாதம் காது பரிசோதனை செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். அந்த மெஷின் எத்தனை இடத்தில் இருந்தது என்பது வேறு விஷயம். 2011 கடைசியில் மும்பையில் டாக்டர் ஜரீர் உத்வாடியா குழுவினர், சோதித்துப் பார்த்த எந்த மருந்துக்கும் அடங்காத நாலு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஊரே பதறியது. பேப்பரில் எல்லாம் கிருமியைப் பற்றித்தான் எழுதினார்கள். நோயாளி என்ன அனுபவிக்கிறார் என்று கேட்டவர்கள் கொஞ்சம்.

அப்புறம் நோயாளிகளே பேச ஆரம்பித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பக்கத்தில் உள்ள கயலிட்ஷா என்ற பகுதியில் ஃபுமேசா டிசிலே என்ற பெண். 2010-ல் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும்போது டி.பி. என்ன வகை டி.பி. என்று சரியாகக் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆகிவிட்டன. கடைசியில் அது மிகக் கடுமையான வகை. சுமார் இருபதாயிரம் மாத்திரைகள். ஊசியில் காது முழுக்கப் போய்விட்டது. 2013-ல் குணமானார். நடந்ததையெல்லாம் சிகிச்சையின்போதே எழுதிக்கொண்டு வந்தார், 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு அதற்கு இடம் கொடுத்தது. தன்னைக் கவனித்த டாக்டர் ஜெனிஃபர் ஹியூஸோடு சேர்ந்து நோயாளிகளின் கோரிக்கை சாசனம் ஒன்றையும் எழுதினார்.

மும்பையில் நந்தினி இல்லை, நந்திதா - நந்திதா வெங்கடேசன். (நானும் பேரை இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்கிறேன்.) பத்திரிகையாளர், பரதநாட்டியம் ஆடுபவர். 2007-ல் குடலில் டி.பி., சரியாகி, 2013-ல் திரும்ப வந்தது. அறுவை சிகிச்சைகள், மாதக்கணக்கில் படுக்கை. அந்த வருஷமே மருந்தின் பக்கவிளைவாகக் கேட்கும் சக்தி போய்விட்டது. இருபத்துச் சொச்சம் வயது. அப்புறம் மேடையேறி ஆடினார், பாட்டு கேட்காமலே. அதைவிட முக்கியம், பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். 2014 கடைசியில் அமிதாப் பச்சன், தனக்கு 2000-ல் முதுகெலும்பில் டி.பி. வந்ததைப் பகிரங்கமாகச் சொன்னதும் இதே காலம்தான். பெரிய மனிதர் சொன்னால் ஊர் கேட்கும், சரி. ஆனால் ஒரு மத்தியதரக் குடும்பத்துப் பெண், கல்யாண வயதில், 'எனக்கு டி.பி. இருந்தது' என்று சொல்வதற்கு அதைவிடத் துணிச்சல் வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நடுவில் புது மருந்து ஒன்று வந்துவிட்டது. பெடாகுவிலின். ஜான்சன் அண்ட் ஜான்சனின் ஆய்வுக் கூடத்தில் கூன் ஆண்ட்ரிஸ் குழு கண்டுபிடித்தது, 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி. நாற்பது வருஷத்துக்குப் பிறகு டி.பி.க்கு வந்த முதல் புது ரக மருந்து. மாத்திரை, ஊசி இல்லை, காதைத் தொடாது. இந்தியாவில் 2016-ல் ஆறே மையங்களில் மட்டும் கொடுத்தார்கள். அதிலும் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். பாட்னாவைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு டெல்லியில் இதனால் மறுக்கப்பட்டு, தகப்பனார் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2017 ஜனவரியில் மருந்து கிடைக்க வழி பிறந்தது. மும்பையில் சிகிச்சை நடந்தது. ஆனால் நுரையீரல் அதற்குள் ரொம்பக் கெட்டிருந்தது. 2018 அக்டோபரில் அந்தப் பெண் இறந்துபோனாள். டொமிசைல் சர்ட்டிஃபிகேட் கேட்டு ஒரு உயிரைக் காக்கவைத்த கதை இது. ஃபைல் பார்த்தே தலை நரைத்த எனக்கே இதைப் படித்துவிட்டு அன்றைக்கு ஃபைலைத் தொட மனம் வரவில்லை.

அதே 2018-ல்தான் காற்று திரும்பியது. ஜூன் மாதம் தென்னாப்பிரிக்கா ஊசியைக் கைவிட்டு பெடாகுவிலினுக்கு மாறியது. 25 நாடுகளில் 12,030 நோயாளிகளின் விவரங்களைத் தனித்தனியாகத் திரட்டிய பெரிய ஆய்வும் அந்த வருஷம் வெளிவந்தது. பெடாகுவிலின், லினெசோலிட் போன்றவை எடுத்தவர்களிடையே சாவு குறைவு. கானமைசினோ? பலனே தெரியவில்லை, முடிவுகள் இன்னும் மோசமாகத்தான் இருந்தன. அதாவது காதைக் கொடுத்து உயிரை வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் காதைச் சும்மாவே கொடுத்திருக்கிறார்கள்! உலக சுகாதார நிறுவனம் கானமைசினைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. இந்தியாவும் படிப்படியாக ஊசியில்லாத வைத்தியத்துக்கு மாறியது.

நோயாளி சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஹைதராபாத்தில் வருஷா வருஷம் ஜூன் மாதம் மிருகசீரிஷ கார்த்தி அன்று ஆஸ்துமாவுக்காக உயிருள்ள மீன் குஞ்சை மருந்தோடு விழுங்கக் கூட்டம் அலைமோதும். 'எனக்குக் கேட்டுச்சு' என்று சத்தியம் செய்பவர்கள் நிறைய. ஆஸ்துமா தானாகவே ஏறும், இறங்கும். இறங்குகிற சமயத்தில் எதை விழுங்கியிருந்தாலும் பேர் அதற்குத்தான் போகும். குணமானது எதனால் என்று சொல்வதில் நோயாளி ஏமாறலாம். காது போய்விட்டது என்று சொல்பவர் எப்படி ஏமாறுவார்? இந்த வித்தியாசத்தை டாக்டர்கள் கவனித்திருந்தால் பல வருஷம் மிச்சமாகியிருக்கும். 'பத்துப் பேர் சொன்னால் அது ஆதாரம் ஆகாது' என்பது குணத்துக்குப் பொருந்தும், கெடுதலுக்கு அப்படியே பொருந்தாது.

கடைசிப் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இது கணக்கு வழக்கு சம்பந்தப்பட்டது. பெடாகுவிலினின் மூல காப்புரிமை இந்தியாவில் 2023 ஜூலையில் முடிய வேண்டும். கம்பெனி அதன் உப்பு வடிவத்துக்குத் தனியாக இன்னொரு காப்புரிமை கேட்டிருந்தது. கிடைத்திருந்தால் 2027 வரை ஏகபோகம். இதற்கு 'எவர்கிரீனிங்' என்று பெயர். வங்கிக்காரர்களுக்கு இந்த வார்த்தை நன்றாகவே தெரியும். பழைய கடன் வாராக் கடன் ஆகாமலிருக்க புதுக் கடன் கொடுத்து அதை வரவு வைப்போமே, அதற்கும் இதே பெயர்தான். உள்ளே சரக்கு பழையது, தேதி மட்டும் புதுசு.

நம் காப்புரிமைச் சட்டத்தில் 25(1) என்று ஒரு பிரிவு உண்டு. காப்புரிமை கொடுப்பதற்கு முன்னால் அதை எதிர்த்து 'எந்த நபரும்' மனு கொடுக்கலாம். போட்டிக் கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. இன்னொரு பிரிவு 3(டி): பழைய மருந்தின் புது வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் காப்புரிமை கிடையாது. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக் வழக்கில் 2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் பிடித்த பிடியை, 2013-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த அதே பிரிவு. 2019 பிப்ரவரியில் பெடாகுவிலினுக்கு எதிராக 'எந்த நபரும்' என்ற அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். நந்திதா வெங்கடேசன், ஃபுமேசா டிசிலே. காது கேட்காத இரண்டு பெண்கள், இரண்டு கண்டங்கள். நாலு வருஷம் கழித்து, 2023 மார்ச் 23 அன்று, மும்பை காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. மறுநாள் மார்ச் 24 உலக காசநோய் தினம். 1882-ல் ராபர்ட் கோக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த நாள்.

ஜூலையில் காப்புரிமை முடிந்தது. இந்தியக் கம்பெனிகளின் மருந்து உலகச் சந்தைக்கு வர வழி திறந்தது. ஆறு மாத மருந்துக்கு 2018-ல் 400 டாலர் என்று வைத்திருந்த விலை, அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 130 டாலருக்கு வந்தது. ஃபுமேசா பின்னாளில் காதுக்குள் கருவி பொருத்திக்கொண்டு மறுபடி கேட்கத் தொடங்கினார். அதே நோட்டீஸ், அதே 'எந்த நபரும்' இன்றைக்கு அவ்வளவு சுலபம் இல்லை. 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்தி, மனு ஏற்கத்தக்கதா என்று முதலில் அதிகாரி பார்ப்பார், கட்டணமும் உண்டு என்று ஆக்கிவிட்டார்கள். தொழிலாகவே மனுப் போடுபவர்களைத் தடுக்கத்தான் என்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வடிகட்டியில் யார் மாட்டுவார்கள் என்பதை கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2025-க்குள் இந்தியாவில் காசநோயை ஒழிப்போம் என்று 2018-ல் அறிவித்தார்கள். நடக்கவில்லை, உலகத்தின் காசநோயாளிகளில் கால் பங்குக்கு மேல் இன்னும் நம்மிடம்தான். ஆனால் மருந்துக்கு அடங்காத டி.பி.க்கு 2024 செப்டம்பரில் நாலு மருந்து, ஆறே மாதம், ஊசியே இல்லாத சிகிச்சையை இந்தியா ஏற்றுக்கொண்டது. இரண்டு வருஷம் எங்கே, ஆறு மாதம் எங்கே! அந்த நாலில் ஒன்று லினெசோலிட். முதலில் தினமும் 1200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நூற்றுக்கு 81 பேருக்கு நரம்புத் தொல்லை வந்தது. பிறகு அளவைப் பாதியாகக் குறைத்தார்கள், பலன் பெரிதாகக் குறையவில்லை. ஆகவே இப்போது டி.பி. சென்டர் வரிசையில் காதைப் பற்றிக் கேட்பதில்லை. "உங்களுக்கும் பாதம் எரியுதா?" என்று கேட்கிறார்கள்.